“ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?” என்று கேட்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன் உங்களுக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று உறுதியாகியிருக்கிறது. கோதுமை, ரவை, மைதா, பார்லி எதையும் வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாமியார் “ஒரு வாய் கேசரி சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்” என்கிறார். அம்மா “வேற டாக்டரைப் பாரு” என்கிறார். அலுவலகத் தோழிகள் உடம்பைக் குறைக்கத்தான் இதெல்லாம் என்று நினைக்கிறார்கள். எல்லாருக்கும் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கைக்கும் ரத்தசோகை இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு இந்த நோய் தெரியவந்தது 2013இல், டெல்லியில். அடுத்த வருடமே திருச்சிக்கு, மாமனார் மாமியாரோடு கூட்டுக் குடும்பமாக வந்துவிட்டோம். அதனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமான வரி. பத்து வருடத்துக்கு மேல் இதோடு வாழ்ந்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று: விளக்கம் கேட்டு யாரும் மாறுவதில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் மாறுகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் விட வேண்டியது ஒரு சொல். ‘டயட்’.

நம் ஊரில் டயட் என்றால் உடம்பைக் குறைக்க இருப்பது. திங்கட்கிழமை தொடங்கும், கல்யாண வீடு வந்தால் ஒத்திப்போகும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நீங்கள் ‘குளூட்டன் இல்லாத டயட்’ என்று சொன்ன உடனே கேட்பவர் மனதில் இந்தப் படம்தான் வரும். அதன் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அந்தப் படத்துக்கு மேல்தான் போய் உட்காரும்.

நானும் அந்தத் தவறைத்தான் செய்தேன். டெல்லியிலிருந்து வந்த முதல் வாரம், காகிதத்தில் குடலைப் படமாக வரைந்து அத்தையிடம் அரை மணி நேரம் விளக்கினேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “சரிம்மா, வாரத்துல ஒரு நாள் விட்டுக்கலாம்தானே? எங்க அண்ணன் மகன் அப்படித்தான் இருக்கான்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “இது டயட் இல்ல அத்தை, பத்தியம்” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார். “பத்தியமா? பத்தியம்னா வேற” என்றார். அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். என் கணவருக்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததை, எண்ணெய்க் கை பட்டுவிடக்கூடாது என்று கஞ்சிக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வைத்ததை, பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாகக் கொண்டுவந்த வடையை வாசலோடு திருப்பி அனுப்பியதைச் சொன்னார். தனிச் சட்டி, தனிக் கரண்டி! நான் அரை மணி நேரம் படம் வரைந்து சொல்ல முயன்றது இதைத்தான். அவருக்கு அது நாற்பது வருடமாகத் தெரிந்த விஷயம். நான் தப்பான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், அம்மை போட்டால் பத்தியம், சித்த மருந்து எடுத்தால் பத்தியம் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் இது பழக்கம். பத்தியத்தை முறித்தால் மருந்து வேலை செய்யாது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த நம்பிக்கையை நீங்கள் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. பத்தியம் என்றால் முடிவும் உண்டு. “ஒரு மண்டலமா? என்னைக்கு முடியும்?” என்று அத்தை மறுநாளே கேட்டார். நான் சொன்ன பதில் இது: “மத்த நோய்க்கு மருந்து தனி, பத்தியம் தனி. இந்த நோய்க்கு மருந்தே இல்ல அத்தை. பத்தியம்தான் மருந்து. நிறுத்தினா நோய் திரும்பிடும்.” இதில் மிகை எதுவும் இல்லை. இன்றுவரை சீலியாக் நோய்க்கு நடைமுறையில் இருக்கும் ஒரே சிகிச்சை குளூட்டனை முழுதாக நீக்குவதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான். சிறுகுடலின் உள்பக்கம் குளியல் துவாலை மாதிரி பொசுபொசுவென்று இருக்கும். சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சுவது அந்த இழைகள்தான். குடலுறிஞ்சிகள் என்று பள்ளியில் படித்திருப்போம். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் என் உடம்புக்குள் போனால், என் உடம்பின் காவல் படையே அந்த இழைகளைத் தாக்கி மழித்துவிடுகிறது. துவாலை வழவழவென்ற தரை ஆகிவிடும். அப்புறம் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் ஏறாது. எனக்கு ஹீமோகுளோபின் 6.8க்கு இறங்கியிருந்தது. மூன்று வருடம் மாத்திரை விழுங்கியும் அசையவில்லை. நம் ஊரில் பெண்களுக்கு ரத்தசோகை என்பது சளி பிடிப்பதுபோல் சாதாரணமாகிவிட்டதால், ஏன் என்று தேட யாருக்கும் தோன்றவில்லை.

இனி ‘கொஞ்சம்’ என்ற சொல். உங்கள் மாமியார் அப்படிக் கேட்பதில் அன்பும் இருக்கிறது, ஒரு நியாயமும் இருக்கிறது. அவர் அறிந்த சாப்பாட்டுக் கட்டுப்பாடு சர்க்கரை நோய்க்கானது. சர்க்கரை இருப்பவர் தீபாவளிக்கு ஒரு லட்டு சாப்பிடுவார், மறுநாள் கொஞ்சம் கூடுதலாக நடப்பார், ஒன்றும் ஆகாது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் உங்களிடமும் கேட்கிறார். “சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு நோய்” என்று நீங்கள் ஒப்பிட்டால் அவர் பக்கம்தான் வலுக்கும். அந்த ஒப்பீடு வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயில் அளவுதான் கேள்வி. இங்கே ‘அளவோடு’ என்ற பேச்சே கிடையாது.

எண்ணிக்கை பிடித்தவர்களுக்கு எண்ணிக்கையாகவே சொல்லலாம். என் மாமனார் ஓய்வுபெற்ற கணக்கர். அவருக்கு இப்படித்தான் புரியவைத்தேன். நடுத்தர அளவில் ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்தால், அதில் சுமார் இரண்டரை முதல் மூன்று கிராம் குளூட்டன் இருக்கும். 2007இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், நோய் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு மூன்று மாதம் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அளவிலேயே குடலில் சேதம் தொடங்கியிருந்தது. ஒரு சப்பாத்தியை ஐம்பது துண்டாகக் கிழித்தால் ஒரு துண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாதிப்பு இராது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. மாமா தட்டிலிருந்த சப்பாத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ மாவு தொட்ட கையே ஆகாதுங்கற” என்றார். ஆமாம், அதேதான்.

இந்தக் கணக்கு என்னையே ஒருமுறை காப்பாற்றியது. பத்தியம் இருந்து எட்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தேன். டிடிஜி (tTG) என்று ஒன்று பார்ப்பார்கள், இந்த நோயில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு அது. உங்களுக்கும் பார்த்திருப்பார்கள். எனக்குப் பரிசோதித்த ஆய்வகத்தில் 10க்குள் இருந்தால் இயல்பு. நூறுக்கு மேல் இருந்தது 68க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. கோதுமை என்ற பேச்சே என் தட்டில் இல்லை. வீட்டில் எல்லாரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வெளியே போய் எதையோ சாப்பிடுகிறாள் என்று. நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன். ஒரு மாதம் வீடே சரியில்லை.

ஒரு நாள் ரசம் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு, பிசின், பெருங்காயம். பெருங்காயப் பால் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. அதன் வீரியத்துக்கு அப்படியே அளவு பார்த்துப் போடுவது கடினம் என்பதால் இங்கே மாவும் பிசினும் கலந்துதான் கட்டியாகவும் பொடியாகவும் விற்கிறார்கள். கலக்கும் மாவு பல நிறுவனங்களில் கோதுமை அல்லது மைதா. எங்கள் வீட்டில் 50 கிராம் டப்பா பதினாறு, பதினேழு நாளில் காலியாகும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு மூன்று கிராம். அதில் பாதி மாவு என்று வைத்தால் ஒன்றரை கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 150 மில்லிகிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 30. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா இந்தக் கணக்கைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் தானே போட்டுப் பார்த்தார். அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பால் பெருங்காயம் வாங்கி வந்துவிட்டார். மாவு கலக்காதது. கடுகளவு கிள்ளிப் போட்டால் போதும், தெருவே மணக்கும். அரிசி மாவு கலந்த பொடியும் இப்போது கிடைக்கிறது. ஆறு மாதத்தில் என் டிடிஜி 9க்கு வந்தது. ஆய்வக அறிக்கையை அத்தை வாங்கிக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டினார். அன்றிலிருந்து இது என் பத்தியமாக இல்லாமல் அவருடைய பொறுப்பாகிவிட்டது.

கையில் வேலையைக் கொடுங்கள் என்று நான் சொன்னது இதைத்தான். உங்கள் மாமியாரிடம் “எனக்குப் புரிஞ்சுக்கோங்க” என்று கேட்காதீர்கள். “அத்தை, இந்தப் பொட்டலத்துல கோதுமை இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா” என்று கேளுங்கள். “என் தோசைக்கல்லைத் தனியா எடுத்து வெக்க ஓர் இடம் சொல்லுங்க” என்று கேளுங்கள். சமையலறை அவர்களுடையது. அங்கே போய் நாம் சட்டம் போட்டால் எதிர்ப்பு வரும். சட்டத்தை அவர்களே போடட்டும். இந்தியாவில் பொட்டல உணவில் கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அட்டையில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு இதைப் படிப்பது பெரியவர்களுக்கு ஒரு வேலை. அவர்கள் அதை நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குச் சர்க்கரை, ராத்திரி சப்பாத்திதான். எல்லாரும் சப்பாத்தியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பூரிக்கட்டையும் சப்பாத்திக் கல்லும் இடுக்கியும் ஒரு பக்கம். என் தோசைக்கல், கரண்டி, வடிதட்டு இன்னொரு பக்கம். சப்பாத்தி மாவு தேய்க்கும்போது என் பாத்திரம் மூடியிருக்கும். வெளி மில்லில் மாவு அரைப்பதை நிறுத்திவிட்டோம். முந்தைய ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார், அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகு விழும். எத்தனை பேருக்கு இது தோன்றும்? எனக்கே இரண்டு வருடம் தோன்றவில்லை. மால்ட் (முளைகட்டிய பார்லி) கலந்த சத்துமாவுப் பானங்கள், சேமியா, கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடி, சோயா சாஸ், ஓட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாத்திரை வாங்கும்போதும் மருந்துக் கடையில் கேளுங்கள். சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் இருக்கும்.

“ஒரு தடவை சாப்பிட்டியே, ஒன்னும் ஆகலையே” என்பது அடுத்து வரும். இதற்கு எரிச்சல்படாமல் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: வயிறு வலித்தால்தான் சேதம் என்று இல்லை. சிலருக்கு அரை மணியில் வயிற்றைப் புரட்டும், சிலருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது, ஆனால் இரண்டு பேருக்கும் குடல் உள்ளே பாதிக்கப்படுகிறது. எலும்பு தேய்வது, கருத்தரிப்பதில் சிக்கல், அபூர்வமாகக் குடலில் புற்றுநோய் என்று விலை பிறகுதான் தெரியும். கரையான் அரித்த நிலைப்படி வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கும் என்று எங்கள் வீட்டுக்கு வரும் தச்சரிடம் ஒருமுறை சொன்னேன். அவருக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் அம்மாவின் சந்தேகம் வேறு வகை. “நம்ம பக்கம் யாருக்கும் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லையே” என்கிறார். கவனித்திருக்கிறீர்களா, அவர் சொல்வது உண்மை! டெல்லியில் நான் போன மருத்துவரின் அறை வாசலில் இந்த நோயோடு குழந்தைகளை அழைத்துக்கொண்டு எத்தனையோ பேர் காத்திருப்பார்கள். திருச்சிக்கு வந்தால் பெயரைக்கூடத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டியிருந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் நாட்டின் மூன்று பகுதிகளில் இருபத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்தில் இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவரிடம். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூவரில் ஒருவருக்கு மேல் இருந்தது. பெரிய வித்தியாசம் சாப்பாட்டில்தான். வடக்கே ஆய்வில் இருந்தவர்கள் சராசரியாக நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்கள், தெற்கே 25 கிராம்.

அதனால் அம்மாவிடம் வாதாட வேண்டாம். “ஆமாம்மா, நம்ம பாட்டி காலத்துல இருந்திருக்காது. அரிசியும் கேழ்வரகும் சாப்பிட்டவங்களுக்கு இது எங்க தெரியப்போகுது?” என்று ஒத்துக்கொள்ளுங்கள். காலையில் பிரெட், மாலையில் பரோட்டா, ராத்திரி சப்பாத்தி என்று நம் ஊர் தட்டும் மாறிவிட்டது. இனிமேல் கேள்விப்படுவார்கள்.

மருத்துவரை மாற்றச் சொல்கிறாரே, அதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் அம்மாவுக்கு நான் சொன்னது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தில் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. தி ஹேக் நகரில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயுள்ள குழந்தைகளைப் பார்த்துவந்தார். வில்லெம் டிக்கே என்பது பெயர். ரொட்டிதான் காரணமோ என்ற சந்தேகம் அவருக்குப் போருக்கு முன்பே உண்டு. பஞ்சத்தில் ஊரே வாடியபோது அந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்ப வந்தது, நோயும் திரும்ப வந்தது. 1950இல் அதை ஆராய்ச்சி நூலாகவே எழுதினார். எங்கள் அம்மா சிறுவயதில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றவர். குடலுறிஞ்சியும் மரபணுவும் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனவர், இதைக் கேட்டதும் “பட்டினியில புள்ளைங்க தேறிச்சா?” என்று இரண்டு முறை கேட்டார். அதன் பிறகு அவர் மருத்துவரைப் பற்றிப் பேசியதில்லை.

நண்பர்கள் விஷயம் இவ்வளவு கடினம் இல்லை. அவர்களுக்கு உங்கள் குடல் முக்கியம் இல்லை, நீங்கள் கூட வருவதுதான் முக்கியம். எது கூடாது என்று பட்டியல் போடாமல் எது முடியும் என்று சொல்லுங்கள். “எனக்கு இட்லி, சாதம், தயிர், ஆம்லெட், பழம் எதுவும் ஓகே. தோசை மட்டும் பரோட்டாக் கல்லில் போட்டால் வேண்டாம்” என்றால் முடிந்தது. பரோட்டாக் கடைக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பேச்சில் கலந்துகொள்ளுங்கள். முதல் வருடம் நான் எல்லா அழைப்பையும் தவிர்த்தேன். இரண்டாவது வருடம் அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதில்தான் எனக்கு அதிக வருத்தம். உடம்பைக் குறைக்க இருக்கிறாய் என்று கிண்டல் செய்தால், பத்தியம் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்பது கிலோ ஏறியது என்று நான் சொல்வேன். உங்களுக்கும் சத்து சேரச் சேர உடம்பு தேறும். அதைச் சொல்லுங்கள்.

கல்யாணப் பந்தியில் எனக்குப் பழகிப்போன வழி: பூட்டுப் போட்ட ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதமும் பொரியலும். இலையில் உட்காருவேன், பரிமாறுபவரிடம் வெறும் சாதம், நெய், தயிர், வாழைப்பழம் மட்டும் கேட்பேன். சாம்பாரும் ரசமும் பெருங்காயத்தால் வேண்டாம். கேசரி, சேமியா பாயசம், பூரி பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்பளம் உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த எண்ணெயில் பொரித்திருப்பார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில், “பத்தியத்துல இருக்கேன், டப்பா கொண்டுவருவேன், தப்பா நினைக்காதீங்க அக்கா” என்று சொல்லிவிடுவேன். முன்னாலேயே சொன்னால் அது தகவல். இலையில் உட்கார்ந்து மறுத்தால் அது அவமரியாதையாகத் தெரியும்.

கோயில் பிரசாதத்துக்கு அத்தைதான் வழி சொன்னார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடு, சாமிக்கு யார் சாப்பிட்டால் என்ன என்றார். சர்க்கரைப் பொங்கலாக இருந்தால் எனக்கே.

கடைசியாக, எவ்வளவு சொன்னாலும் மாறாதவர்கள். ஒருவராவது இருப்பார். ஒரு உறவினர் வீட்டில் “வெறும் அரிசி மாவுதான்” என்று கரைத்த தோசை போட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு “ரெண்டு கை மைதா கலந்தேன், பாத்தியா, நல்லாத்தானே இருக்கே” என்று சிரித்தார்கள். இரவே வயிறு உப்பி, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அந்த வாரம் முழுக்க வாயில் புண். நான் கத்தவில்லை. நேரில் போய், “நீங்க செஞ்சது எனக்குத் தெரியாம மருந்தை மாத்திக் கொடுத்த மாதிரி. இனிமே உங்க வீட்டுல தண்ணி மட்டும்தான் குடிப்பேன். ஆனா வருவேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றும் போகிறேன், என் டப்பாவோடு. இப்படிப்பட்டவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. அவர் கையால் சாப்பிடாமல் இருப்பது மட்டும்தான் உங்கள் வேலை. இந்த இடத்தில் உங்கள் கணவர் வாய்திறக்க வேண்டும். அவர் பக்கத்து உறவு என்றால் அவர்தான் பேச வேண்டும், நீங்கள் அல்ல. வீட்டில் ஒரே ஒருவர் முழுதாக உங்கள் பக்கம் நின்றால் மற்றவர்களைச் சமாளித்துவிடலாம்.

இப்போது உங்கள் தங்கை. இந்த நோய் இருப்பவரின் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வரை இருக்கக்கூடும். ரத்தசோகை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரமே மருத்துவரிடம் சொல்லி டிடிஜி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முக்கியமான ஒன்று: பரிசோதனை முடியும்வரை அவர் வழக்கம்போல் சப்பாத்தியும் பிரெட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்களைப் பார்த்துப் பயந்து முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தாலும் முடிவில் இல்லை என்று வந்துவிடும். உங்கள் அம்மாவையும் கூடவே அழைத்துப் போய் அவருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.